படைத்துறைக் குழூஉக்குறிக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை தாங்குமா?

செக்காலையான், காரைக்குடி:

தமிழ் விக்கிப்பீடியாவில் 'படைத்துறைக் குழூஉக்குறி' என்று தனிக் கட்டுரை ஒன்று ஏற்றலாமா? காரைக்குடி, கல்லல், திருப்பத்தூர், தேவகோட்டை வட்டாரத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் பேச்சில் புழங்கும் சொற்கள் ஏறக்குறைய 140, பொருளோடு கையில் இருக்கின்றன. லங்கர் (படைச் சமையற்கூடம்), படா கானா, ஃபேட்டிக் (துப்புரவு போன்ற உடல்வேலை), ஸ்டாண்ட் டு (தாக்குதலுக்கு ஆயத்தமாக நிற்பது), ரெக்கி (முன்கூட்டி வேவு பார்ப்பது), சிட்ரெப் (நிலவர அறிக்கை), பார்ட் டூ, டூ ஐ சி (தலைவருக்கு அடுத்த நிலை அதிகாரி), ஓ ஆர் (அதிகாரி அல்லாத சாதாரணப் படைவீரர்), இப்படி.

மணல்தொட்டியில் (விக்கியின் சோதனைப் பக்கம்) போட்டதும் இரண்டு கருத்து வந்திருக்கிறது. இது அகராதி வேலை, விக்சனரிக்குத் தள்ளுங்கள் என்கிறார் ஒருவர். இந்தியத் தரைப்படைக் கட்டுரையில் ஒரு பத்தியாக ஒட்டிவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் கொத்தனார் பேச்சுக்கும் ஆசாரி பட்டறைப் பேச்சுக்கும் தனிக் கட்டுரை இல்லாதபோது பட்டாளப் பேச்சுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. தனிக் கட்டுரைக்கு இது தாங்குமா? தாங்கும் என்றால் எதை உள்ளே வைப்பது, எதை வெட்டுவது?

கண்டனூர் விக்கியன்:

அண்ணே, சொற்பட்டியலை மொத்தமாகத் தூக்கிவிட்டுப் பாருங்கள். மிச்சம் நாலைந்து பத்தி, ஒவ்வொன்றும் மேற்கோளோடு நின்றால் அது கட்டுரை. இரண்டு வரிதான் நிற்கிறது என்றால் அது அகராதிதான், விக்சனரிக்குப் போகச் சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். 'விக்கிப்பீடியா அகராதி அன்று' என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கை. அதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஆனால் இந்தத் தலைப்பில் நாலு பத்தி என்ன, நாற்பது பத்தி நிற்கும். படைக்குள் ஒரு தனிப்பேச்சு ஏன் உருவாகிறது, அது எப்படி வெளியே கசிகிறது, எந்தச் சொல் போரோடு செத்தது, எது ஊர்ப் பேச்சில் தங்கியது என்பதெல்லாம் பலர் ஆராய்ந்து எழுதிய விஷயம். 'டாங்கி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915, 1916இல் பிரிட்டன் அந்த வண்டியைக் கமுக்கமாகச் செய்துகொண்டிருந்தபோது, பார்க்கிறவன் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று வைத்த பெயர் அது. 1916 செப்டம்பர் 15ஆம் தேதி சோம் போர்க்களத்தில் வண்டி இறங்கியது. மறைப்புப் பெயரே நிலைத்த பெயராகிவிட்டது. 'ராடார்' இன்னொரு வகை. அமெரிக்கக் கடற்படை 1940இல் ஒரு நீண்ட பெயரின் எழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய சொல். இன்றைக்கு வானிலைச் செய்தியில் அதைக் கேட்கிறவர்களுக்கு அது படைச்சொல் என்ற நினைப்பே வராது. இப்படி ஒரு வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நூற்று நாற்பது வேண்டாம்.

தனிச்சொல்லுக்குத் தனிக் கட்டுரை என்பது வேறு கணக்கு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் நிர்வாகக் குளறுபடியைக் கிண்டல் செய்து கட்டிய 'ஸ்நாஃபு' என்ற சொல்லுக்கு அது உண்டு. ஏனென்றால் அந்தப் பெயரிலேயே ஒரு கோமாளிச் சிப்பாயை உருவாக்கி அமெரிக்கப் படையே 1943 முதல் 1945 வரை பயிற்சிக் கார்ட்டூன் படம் எடுத்தது. சொல்லைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இருக்கிறது. 'படா கானா'வுக்கு என்ன சொல்வீர்கள்? விசேஷ நாளில் அதிகாரியும் ஜவானும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. ஒரு வரியோடு தீர்ந்தது.

பள்ளத்தூர் வாத்தியார்:

தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலில் அவிழ்த்துவிடுவோம். குழூஉக்குறி என்பது நன்னூல் 267ஆம் நூற்பா சொல்லும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று. மற்ற இரண்டு இடக்கரடக்கல், மங்கலம். ஒரு குழுவார் ஒரு பொருளின் வழக்கமான பெயரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் வேறு பெயரால் சுட்டுவதுதான் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகளில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு.

அந்த அளவுகோலால் உங்கள் பட்டியலை அளந்தால் பாதிக்கு மேல் நிற்காது. அதில் நாலு சாதிச் சொல் கலந்து கிடக்கிறது. ஹவில்தார், சுபேதார், பட்டாலியன் எல்லாம் பதவிப் பெயரும் அமைப்புப் பெயரும். கலைச்சொல் என்று வையுங்கள். டூ ஐ சி, ஓ ஆர், சிட்ரெப் எல்லாம் குறுக்கம். மேகதூத், பவன், விஜய் என்பவை நடவடிக்கைகளுக்கு இட்ட மறைபெயர். லங்கர், ஃபேட்டிக் போன்றவைதான் புழக்கப் பேச்சு. நான்கும் பிறக்கும் காரணம் வேறு, சாகும் காரணமும் வேறு. மறைபெயர் காரியம் முடிந்ததும் வரலாற்றுப் புத்தகத்துக்குள் போய்விடும். குறுக்கமோ படிவம் இருக்கும்வரை இருக்கும்.

ஆகவே தலைப்பைப் 'படைத்துறை வழக்குச்சொற்கள்' என்று வைத்துவிட்டுக் குழூஉக்குறியை அதில் ஓர் உட்பிரிவாக ஆக்குங்கள். 'படைத்துறைக் குழூஉக்குறி' என்று தேடுகிறவர்களுக்கு ஒரு வழிமாற்று போட்டால் தீர்ந்தது. நூற்பா எண்ணோடு நன்னூலைக் காட்டிவிட்டால் தமிழில் இப்படி ஒரு கட்டுரை ஏன் வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தொழிற்குழுவின் பேச்சை இலக்கணத்தில் ஒரு வகையாகவே வைத்தவர்கள் நாம். கொத்தனார் பேச்சுக்குக் கட்டுரை இல்லை என்றால் அது இன்னும் யாரும் எழுதாத குறை, பட்டாளத்துக்குக் காட்டிய சலுகை ஆகாது.

ஒரு பிரிவு மட்டும் விட்டுப்போகக் கூடாது: பழைய படைச்சொல் ஊர்ப் பேச்சில் என்ன ஆயிற்று என்பது. சேர்வைக்காரர் என்பது சிவகங்கைச் சீமையில் படைத்தலைமையைக் குறித்த பெயர். மருது சகோதரர்கள் பெயரோடு அது வருவது அதனால்தான். இன்று அது பெயருக்குப் பின்னால் வரும் பட்டம். 'பாரா' உருது வழி வந்த காவல் முறை; காவல் நிலையத்தில் இன்னும் அப்படியேதான் சொல்கிறார்கள். 'கவாத்து'ம் உருது வழி வந்ததுதான், அணிப்பயிற்சி என்று பொருள். தேயிலைத் தோட்டத்துக் கவாத்து கிளை வெட்டுவது. இரண்டையும் ஒரே பதிவில் குழப்பாமல் பக்கவழி நெறிப்படுத்தல் போடவும்.

செக்காலையான்:

வாத்தியார் ஐயா, நாலாகப் பிரிப்பது நல்ல யோசனை, பட்டியலை அப்படியே அடுக்கிவிடுகிறேன். ஆனால் ஊர்க்காரர்கள் இதைத் தேடி வருவதே பொருள் தெரிந்துகொள்ளத்தான். 'பார்ட் டூவில் ஏறவில்லை' என்று ரெக்கார்டு ஆபீஸ் (பணிப்பதிவு அலுவலகம்) கடிதம் வந்தால் வீட்டில் இருக்கிற ஆச்சிக்கோ அம்மாவுக்கோ அது என்னவென்று யார் சொல்வது? பட்டியலை வெட்டினால் அந்த உபயோகம் போய்விடுமே.

ஹவில்தார் கிளார்க், ஓய்வு:

தம்பி கேட்பது சரிதான். விக்கியன் சொல்லும் விதி எனக்குப் புரிகிறது, ஆனாலும் படைப்பேச்சு வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை என்பதைக் கட்டுரை முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். சொல் மாறினால் ஆள் சாவான், அல்லது பென்ஷன் நிற்கும். இரண்டுக்கும் எடுத்துக்காட்டு தருகிறேன்.

வயர்லெஸ்ஸில் எதிர்முனைச் செய்தி சரியாகக் கேட்கவில்லை என்றால் 'ரிப்பீட்' என்று கேட்கக் கூடாது. 'சே அகெய்ன்' என்றுதான் கேட்க வேண்டும். பீரங்கிக்காரர்களுக்கு 'ரிப்பீட்' என்றால் போன தடவை அடித்த இடத்தில் அதே மாதிரி இன்னொரு முறை அடி என்று உத்தரவு. 'ரோஜர்' என்றால் செய்தி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஒத்துக்கொண்டேன் என்று பொருள் இல்லை. சொன்னபடி செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ'. 'ஓவர்' என்றால் நான் முடித்தேன், நீ பேசு. 'அவுட்' என்றால் பேச்சே முடிந்தது, பதில் வேண்டாம். சினிமாவில் வரும் 'ஓவர் அண்ட் அவுட்' பேசு என்றும் பேசாதே என்றும் ஒரே மூச்சில் சொல்வது. படையில் அப்படிப் பேசினால் திட்டு விழும். 'ரோஜர்' என்பது பழைய எழுத்துப் பெயர் வரிசையில் ஆர் எழுத்துக்கு இருந்த பெயர். 1956இல் வந்த இன்றைய வரிசையில் ஆர் எழுத்து 'ரோமியோ' ஆகிவிட்டது, ஆனால் பதில் சொல்வது மட்டும் ரோஜராகவே தங்கிவிட்டது.

அடுத்தது பார்ட் டூ. ஒரு ஜவானின் பணிப்பதிவில் ஏறவேண்டிய ஒவ்வொரு மாற்றமும், கல்யாணம், பிள்ளை பிறந்தது, லீவு, பதவி உயர்வு எல்லாமே, பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவாக வெளியாக வேண்டும். அப்படி வெளியாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரெக்கார்டு வழக்கில் பெயர் 'கேஷுவால்டி'. ஆமாம், கல்யாணமும் ஒரு கேஷுவால்டிதான். முதன்முதலாகக் கேட்கிற பெண்டாட்டிமார் பதறிப்போவார்கள், காயம் பட்டுவிட்டது என்று. இந்தச் சொல்லுக்குத் தமிழ்க் கட்டுரையில் இடம் இல்லை என்றால் எதற்குத்தான் இடம்?

கல்யாணம் பார்ட் டூவில் ஏறாமல் இருந்தால், அல்லது பெயர் ஓர் எழுத்து மாறி ஏறியிருந்தால், ஜவான் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் இழுபறி வரும். அதிகம் நடப்பது தலைப்பெழுத்துக் கோளாறு. நம் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர் எழுத்து, பின்னால் கணவர் பெயர் எழுத்து. ஆதாரில் ஒன்று இருக்கும், பி பி ஓ என்கிற ஓய்வூதிய ஆணையில் இன்னொன்று இருக்கும். திருத்துவதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, அவர் இருந்த பிரிவின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் புக், பி பி ஓ, ஆதார், கல்யாணச் சான்று நான்கின் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு மனுப் போட்டால் ஒரு சுற்றுக் கடிதம் மிச்சம். ஜவான் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுவது உத்தமம்.

ஒரே குறுக்கத்துக்கு இரண்டு பொருள் வருவதும் பட்டியலில் வரட்டும். 'ஓ பி' என்றால் பீரங்கிக்காரனுக்குக் கண்காணிப்புச் சாவடி, மற்றவனுக்கு 'ஆப்' என்கிற நடவடிக்கையின் சுருக்கம், ஆஸ்பத்திரியில் வெளிநோயாளி. எந்தப் பிரிவில் என்ன பொருள் என்று எழுதாத பட்டியல் பட்டியலே இல்லை.

எச்சரிக்கை ஒன்று. பழைய புழக்கப் பேச்சை எழுதலாம், அணிப்பயிற்சிக் கட்டளையான சாவ்தான், விஷ்ராம், தம் எல்லாம் எந்தக் குடியரசு நாள் ஊர்வலத்திலும் கேட்கிறதுதான். ஆனால் அழைப்புக் குறி, கடவுச்சொல், இன்றைக்கு நடப்பில் இருக்கிற சங்கேதம் எதையும் யார் ஆசையாகச் சொன்னாலும் எழுதாதீர்கள். 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் சங்கேதத்தையும் கடவுச்சொல்லையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

பேரேடு, தேவகோட்டை:

பட்டாளம் எனக்குத் தெரியாது, கணக்கு தெரியும். எங்கள் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் சொற்களுக்கும் இதே கேள்வி வரும். 'கிட்டங்கி'க்குத் தனிக் கட்டுரை தாங்கும். ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பல விலாசங்களின் (வணிக நிறுவனங்களின்) ஆட்கள் ஒரே கட்டடத்தில் பெட்டியடி (கணக்குப் பெட்டியோடு அமரும் இடம்) போட்டு உட்கார்ந்து தொழில் நடத்திய இடம் அது. கட்டடம், குடியிருப்பு, தொழில் முறை மூன்றையும் எழுதலாம். 'ஐந்தொகை'யும் (வரவுசெலவு நிலைக்கணக்கு) தாங்கும். 'அடுத்தாள்' தனியாகத் தாங்காது, கடை நிர்வாகம் பற்றிய கட்டுரையில் மேலாளுக்கு அடுத்தபடி என்று ஒரு வரி. சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருளோ நடைமுறையோ இருந்தால் தனிப் பக்கம், பெயர் மட்டும் என்றால் தாய்க்கட்டுரையில் ஒரு வரி என்பதுதான் கணக்கு.

எங்கள் சொற்களுக்கு மேற்கோள் கிடைப்பதற்குக் காரணமே 1929, 30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கைதான். நடப்பு வட்டி, தவணை எல்லாம் எப்படி நடந்தது என்று அவர்கள் கேட்டு எழுதி அச்சிட்டார்கள். உங்கள் 140 சொல்லுக்கு அப்படி அச்சில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பட்டியலில் 'எம்டன்' இருக்கிறதா? இல்லை என்றால் முதல் வேலையாகச் சேருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அக்டோபர் கடைசியில் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து அடித்தது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்தது. கப்பல் கடலில் இருந்ததென்னவோ சில மாதம், 'அவன் சரியான எம்டன்' என்பது நூறு வருஷம் தாண்டியும் ஓடுகிறது. படைக்குள் பிறக்காமல், படையைப் பார்த்து ஊர்க்காரன் உண்டாக்கிய சொல் இது. வாத்தியார் பிரித்த நாலில் எதிலும் அடங்காது, ஐந்தாவது ஒன்று வையுங்கள்.

பள்ளத்தூர் வாத்தியார்:

எம்டன் ஐந்தாவது வகைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நேர் எதிர்த்திசையில் போனவையும் உண்டு. இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் 'விலாயதி'யைப் (அயல்நாட்டு) 'பிளைட்டி' (தாய்நாடான பிரிட்டன்) ஆக்கினார்கள், 'தேகோ'வை (பார்) 'டெக்கோ' (ஒரு பார்வை) ஆக்கினார்கள், இரண்டும் முதல் உலகப்போர்ப் பதுங்குகுழிகளில் சாதாரணப் பேச்சு. 'காக்கி'யும் இங்கிருந்து போன தூசி நிறம்தான். ஒரு பத்திக்குள் முடியுங்கள், இது நீண்டால் கட்டுரை வேர்ச்சொல் ஆராய்ச்சியாகத் திரும்பிவிடும்.

கண்டனூர் விக்கியன்:

செய்முறைக்கு வருகிறேன்.

முதலில் பட்டியலை விரிதாளில் ஐந்து நெடுவரிசையாகப் பிரியுங்கள்: சொல், பொருள், எந்தப் பிரிவின் வழக்கு, ஏறத்தாழ எந்தக் காலம், அச்சு மூலம். கடைசி நெடுவரிசை வெற்றாக இருக்கிற சொல் கட்டுரைக்குள் வராது. ஓய்வு பெற்றவர்கள் நேரில் சொன்னார்கள் என்பது விக்கிப்பீடியாவில் மேற்கோள் ஆகாது, சொந்த ஆய்வு என்று நீக்கிவிடுவார்கள். நம் ஆட்கள் அதிகம் அடிவாங்குவது இந்த இடத்தில்தான். அதற்காகத் திரட்டியதை வீணாக்க வேண்டாம். களப்பணிக் கட்டுரையாக எழுதி ஒரு கல்லூரி ஆய்விதழிலோ வட்டார இதழிலோ முதலில் அச்சில் கொண்டுவாருங்கள். பிறகு அதை மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம், நீங்களே காட்டினால் நலமுரண் பேச்சு வரும்.

மூலம் உள்ளவற்றில் அதிகபட்சம் 25 சொல்லை மட்டும் அட்டவணையாக வையுங்கள், வகைக்கு ஐந்து. அட்டவணை உரைநடையை விட நீளமாகப் போனால் நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்கப் பரிந்துரைக்கும் குறிப்பு) விழும் என்று எதிர்பாருங்கள். மற்ற சொற்கள் விக்சனரியில் தனித்தனிப் பக்கமாகப் போகட்டும், எல்லாவற்றையும் ஒரே பகுப்பில் இட்டுக் கட்டுரையின் அடியில் அந்தப் பகுப்புக்கு இணைப்புக் கொடுங்கள். ஊரில் தேடுகிறவர்களுக்குப் பொருள் கிடைத்துவிடும், கட்டுரையும் பிழைக்கும். உச்சரிப்பை ஒலிப்பதிவாக விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் இன்னும் நல்லது. 'லங்கர்' என்பதை நம் பக்கத்து ஆட்கள் சொல்கிற மாதிரியே வரும்.

ஹவில்தார் ஐயா சொன்ன பார்ட் டூ ஆர்டருக்குத் தனிக் கட்டுரை தாங்கும் என்றே நினைக்கிறேன், அது சொல் அல்ல, நிர்வாக நடைமுறை. ஆனால் மனுவை எப்படி எழுதுவது, எந்த நகலை வைப்பது என்பதெல்லாம் கலைக்களஞ்சியத்தில் நிற்காது, கையேடு என்று எடுத்துவிடுவார்கள். அந்தப் பகுதி வட்டாரச் செய்தி மடலுக்கோ சங்கத்து அறிவிப்புப் பலகைக்கோ போகட்டும்.

'தம்பி'யை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1780இல் தொடங்கிய மதராஸ் சேப்பர்ஸ் (படைப் பொறியாளர் பிரிவு, மதராஸ் என்ஜினியர் குரூப் என்பதும் இதுவே) வீரர்களுக்குப் படை முழுக்க வழங்கும் செல்லப்பெயர் அது. தனிப் பக்கம் வேண்டாம், மதராஸ் என்ஜினியர் குரூப் கட்டுரையில் ஒரு வரி, அட்டவணையில் ஒரு வரி.

பழைய பத்திரிகை மேற்கோளுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த தொகுப்பைப் பாருங்கள். அது இப்போது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. 'எம்டன்' எப்போது வசவாகவும் புகழ்ச்சியாகவும் மாறியது என்பதற்கு அச்சுச் சான்று கிடைத்தால் அந்த ஒரு பத்தியே கட்டுரையைத் தூக்கி நிறுத்தும்.

செக்காலையான்:

விரிதாளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாம் நெடுவரிசை முக்கால்வாசி வெற்றாகத்தான் இருக்கிறது. மறைபெயரில் ஒரு சந்தேகம்: மேகதூத் 1984 சியாச்சின், பவன் 1987 இலங்கை, விஜய் 1999 கார்கில் என்று எழுதலாம்தானே?

ஹவில்தார் கிளார்க், ஓய்வு:

விஜய்க்கு ஆண்டு போடாமல் விட்டுவிடாதீர்கள் தம்பி. 1961இல் கோவாவை எடுத்த நடவடிக்கைக்கும் அதே பெயர்தான். இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டுத் தனித்தனியாக இணைப்புக் கொடுங்கள்.